சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டர்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். தகவலுக்காக மட்டும் வந்தவர்களுக்கு விடை இவ்வளவுதான். ஆனால் ஒரு தலைமுறைக்கு மேல் இதில் முதல் எண் மட்டும்தான் இருந்தது. தூரம் இருந்தது, பயண நேரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தை யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 12.99 பாகையில் இருக்கிறது, பலாலி 9.79 பாகையில். தீர்க்கரேகை இரண்டுக்குமே 80 பாகையை ஒட்டித்தான்: ஒன்று 80.17, இன்னொன்று 80.07. அதாவது பலாலி சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். 3.2 பாகைக்கு 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 355 வந்துவிடுகிறது.

இதே மாதிரி மற்ற ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மதுரை சுமார் 415. ஆக, சென்னையில் இருப்பவருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் கிட்ட. இதை நான் சொன்னபோது அலுவலகத்தில் ஒருவர்கூட நம்பவில்லை. வரைபடத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் மனதில் யாழ்ப்பாணம் கொழும்பைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. போகிற வழி எதுவோ அதை வைத்துத்தான் எல்லோரும் ஊர்களை மனதில் அடுக்கி வைக்கிறோம். கொழும்பு போய்த்தான் யாழ்ப்பாணம் போக முடியும் என்று நாற்பது வருடம் இருந்தால், யாழ்ப்பாணம் கொழும்புக்கு அப்பால்தான் இருக்கும்.

அந்த வழி எவ்வளவு நீளம் தெரியுமா? சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 640 கிலோமீட்டர். போகும் வழியில் விமானம் யாழ்ப்பாணத்தையும் கடந்து தெற்கே போகிறது. அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து தரை வழியாக மறுபடி வடக்கே 400 கிலோமீட்டர் வர வேண்டும். 355 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். காலையில் சென்னையில் கிளம்பினால், கொழும்பில் ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் விடியும்போது யாழ்ப்பாணம்.

சரி, 355 கிலோமீட்டருக்கு எதற்கு ஒன்றேகால் மணி நேரம் என்று கேட்கலாம். இந்தத் தடத்தில் பறந்தவை பெரும்பாலும் ஏடிஆர் 72 விமானங்கள். இரண்டு பக்கமும் விசிறி சுழலும் ரகம். எழுபது, எழுபத்தைந்து பேர் உட்காரலாம். பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும், முன்பக்கம் சாமான் அறை. வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. வெறும் வகுத்தல் கணக்கில் 43 நிமிடம்தான். ஆனால் விமான நிறுவனங்கள் சொல்லும் நேரம், நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், முன்னால் நிற்கிற விமானங்கள் கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் படுத்திருப்பதால் மேலே ஏறின பிறகுதான் தெற்கே திரும்ப முடியும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. இதையெல்லாம் சேர்த்து, தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள். ஜெட் விமானம் விட்டாலும் பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம்தான் மிச்சம். இந்தத் தூரத்துக்கு ஏடிஆர் சரியான விமானம் என்பது என் எண்ணம்.

என் மனைவியின் அம்மா வசாவிளானில் பிறந்தவர். பலாலி ஓடுபாதையை ஒட்டிய ஊர் அது. எண்பதுகளில் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். யாழ்ப்பாண வழக்கப்படி நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தம்பி. சிறுமியாக இருந்தபோது விமானச் சத்தம் கேட்டால் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். வடக்குப் பக்கம் சத்தம் கேட்டால் இந்தியாவிலிருந்து வருகிறது, தெற்கே கேட்டால் கொழும்புப் பிளேன். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. பஸ் வந்து போவதைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்வார். எனக்குத்தான் ஆச்சரியமாக இருக்கும்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்தது. போர் முடிந்ததும் பயணிகள் விமானம் வர ஆரம்பித்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று பறந்தது. ஒரு டக்கோட்டா விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று அப்போது குறிக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு அப்போது இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த வழி கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை! இந்தத் தகவலை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனசு நிறையும், கூடவே ஒரு வலியும் வரும்.

விமானத்துக்கு முன்னால் போட் மெயில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு இருபத்திரண்டு மைல் கப்பல், அப்புறம் மறுபடி ரயில். ஆனால் அதுவும் கொழும்புக்குப் போகிறவர்களை நினைத்துப் போட்ட வழிதான். யாழ்ப்பாணம் போகிறவர் தலைமன்னாரிலிருந்து தென்கிழக்கே மதவாச்சி வரை போய், அங்கே வண்டி மாறி வடக்கே ஏற வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளின் நடுவில் அதுவும் நின்றுபோனது. யாழ்ப்பாணத்துக்கு நேராகப் போக இருந்தவை, வல்வெட்டித்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வந்துபோன தோணிகளும், பிறகு இந்த விமானமும்தான்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக அறுந்தன. 1978 செப்டம்பரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஏர் சிலோன் ஆவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் நின்றிருந்தபோது குண்டு வெடித்து அழிந்தது. ஏர் சிலோனும் அதையடுத்துச் சீக்கிரமே மூடப்பட்டது. 1983க்குப் பிறகு பலாலி ராணுவத்தின் கைக்குள் போனது. 1990 ஜூனில் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கின் கிராமங்கள் கூட்டத்தோடு இடம்பெயர்ந்தன, வசாவிளானும் அதில் ஒன்று. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய யாழ்தேவி ரயிலும் அந்த வருடம்தான் நின்றது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த விமானத்தில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பயண நேரத்தைப் பற்றி எழுதுகிற பதிவில் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த 55 பேரும் வீட்டுக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள்.

போர் கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம். ஆனால் 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. சில மாதத்தில் அதை அரை மணி நேரமாகக் குறைத்து, 2006 ஏப்ரல் வரை அப்படியே வைத்திருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. போர் நிறுத்தத்தின்போது 2002இல், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை திறந்ததும் மாமி கொழும்பு வழியாக ஊருக்குப் போய்வந்தார். புலிகளின் பகுதிக்குள் நுழையும் ஓமந்தையில் ஒரு நேரம், அதை விட்டு வெளியேறும் முகமாலையைத் தாண்டினால் இன்னொரு நேரம். ஒரே பஸ் பயணத்தில் இரண்டு தரம் மணி மாறும் என்று அவர் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவே இல்லை.

2006 ஆகஸ்டில் அந்தச் சாலையும் மூடியது. அதற்கு அடுத்த வருடம் மாமியின் அண்ணா யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இணுவிலில் இறந்துபோனார். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வாங்கி, கொழும்பில் காத்திருந்து விமானமோ கப்பலோ பிடிக்க வேண்டிய காலம். உடலை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. வளசரவாக்கம் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே மாமி உட்கார்ந்திருந்தார். அங்கே பறை அடிப்பதும் பெண்கள் ஒப்பாரி வைப்பதும் ரிசீவர் வழியாகக் கேட்டது. அன்றைக்கும் தூரம் இதே 355 கிலோமீட்டர்தான். மதுரையில் சாவு விழுந்திருந்தால் ராத்திரியே பஸ் ஏறியிருப்போம்.

போர் முடிந்து, 2014 அக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. விமானத்துக்கு இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அன்றைக்குச் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம் போய் இறங்கியது. நாற்பது வருடத்துக்கு மேல் விட்டுப்போன வழி. ஆனால் சில மாதத்தில் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

டிக்கெட் போட்டதும் மாமியிடம் சொன்னேன்.

“எத்தினை மணித்தியாலம் தம்பி?”

“ஒன்றேகால் மணி நேரம் மாமி.”

“அது கொழும்புக்கு. பிறகு?”

“கொழும்புக்கு இல்லை மாமி. பலாலிக்கே.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். நான் சொல்வது சரிதானா என்று அவளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பெட்டியை எடுத்தார்.

போகும்போது வலதுபக்க ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. ஜெட் போல ரொம்ப உயரமும் போகாது. நேர் தெற்கே போகிற வழி என்பதால் தமிழ்நாட்டுக் கடற்கரை வலப்பக்கம் கூடவே வரும். புதுச்சேரியின் நேர்நேரான தெருக்கள், பிச்சாவரத்தில் கரும்பச்சையாகப் பரவிய காடு, கொள்ளிடம் கடலோடு கலக்குமிடத்தில் கலங்கல் நீர் விசிறியாக விரிந்து கிடப்பது. நாகப்பட்டினம் தாண்டினதும் வேதாரண்யத்து உப்பளங்கள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே ஒடிந்து திரும்புகிறது. அந்த முனைக்கும் யாழ் குடாநாட்டின் வடகரைக்கும் இடையில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கடல்தான். விமானத்துக்கு ஆறேழு நிமிடம். ஆழம் குறைந்த கடல் என்பதால் நீலம் அப்படியே வெளிறிப் பச்சையாகிறது. கோடியக்கரை கண்ணை விட்டு மறைவதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது.

மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. பனைகள் தெரிந்தபோது மூக்குக் கண்ணாடியை ஜன்னலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். செம்மண் தோட்டங்கள், வேலி அடைத்த வளவுகள், நடுவே கூரை இல்லாத சுவர்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் என் பக்கம் திரும்பி, “வந்திட்டமோ? இவ்வளவு கெதியாவோ?” என்றார். அப்புறம் அழுதார். நாற்பது வருடம் சுற்று வழியில் போய்வந்த ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் சந்தோஷத்தை மட்டும் தரவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்ததா என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் தந்தது. அண்ணாவின் பெயரைச் சொல்லித்தான் அழுதார்.

விமான நிலையம் இன்னும் ராணுவத் தளத்தின் நடுவில்தான் இருக்கிறது. சின்னக் கட்டடம், குடிவரவுக்குச் சில மேசைகள். இறங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளியே யாராவது காத்திருந்தார்கள். அங்கிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குத் தெற்கே பதினாறு, பதினேழு கிலோமீட்டர். வழியில் முள்கம்பி வேலிகளைப் பார்க்கலாம். 1990இல் கிளம்பிப் போனவர்களின் காணிகளில் ஒரு பகுதியைத் தவணை தவணையாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஒரு பகுதி இன்னும் வேலிக்குள் இருக்கிறது. ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்கள் வர வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் கவலை. விமானம் வேண்டும் என்று என்னைப் போல ஆசைப்படுகிறவர்களும், தன் கிணற்றையும் தோட்டத்தையும் முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். நீட்டுகிற ஒவ்வொரு மீட்டருக்கும் அந்த நிலத்துக்காரரைக் கேட்டு, அவர் சம்மதித்து, உரிய விலை கொடுத்துத்தான் நீட்ட வேண்டும். அதுவரை எழுபது பேர் போகிற விமானமே போதும், ஆனால் அது தினமும் தவறாமல் போக வேண்டும்.

தவறாமல் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சேவை வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. எங்கள் உறவினர் ஒருவருக்குக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் விமானம் ரத்து என்று செய்தி வந்து, கடைசியில் அவர் பழையபடி கொழும்பு சுற்றித்தான் போனார். நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் நம்பிக் கிளம்பலாம் என்ற நிலை வந்தால்தான் இரண்டு ஊரும் நிஜமாகவே பக்கத்து ஊர்கள் ஆகும். கப்பலுக்கும் இதே கதைதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல், ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று கோலாகலமாகத் தொடங்கி, மழைக்காலம் வந்ததும் சில நாளிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணை சின்னக் கப்பலுக்கு லேசான கடல் இல்லை, அந்த மாதங்களில் இடைவெளி வரத்தான் செய்யும். அந்தச் சமயத்தில் விமானமாவது கைவிடாமல் இருக்க வேண்டும்.

திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம். திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலி நேர்கோட்டில் 185 கிலோமீட்டர் அளவுதான். திருச்சியிலிருந்து சென்னைக்கே 290 கிலோமீட்டர் இருக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கினார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கும்பகோணத்தில் இருப்பவர்கள் சென்னை வந்து ஏறுவது வீண் அலைச்சல். முதலில் திருச்சி அட்டவணையைப் பாருங்கள், அது இல்லாத நாளாக இருந்தால் சென்னை. எந்தப் பக்கமிருந்து கிளம்பினாலும், டிக்கெட் போடும் முன் அந்த மாதத்துக்கான அட்டவணையை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாமான் எத்தனை கிலோ என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன விமானம், நிறைக் கணக்கில் கண்டிப்பாக இருப்பார்கள்.